வண்டிக்குள் ஒலிக்கும் குரல்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பெருந்தெருவின் கடலோரப் புறத்தே அமைந்திருக்கிறது ஈச்சிலம்பற்று. கிழக்கே வங்கக் கடல்; அருகே உல்லைக்கழிக் களப்பு; தெற்கே மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆறு. நெல்லும் மீனுமே பெரும்பாலார்க்குச் சீவனோபாயம். இத்தகைய ஊரில் ஒரு குடும்பம் கார் வைத்திருப்பது ஆடம்பரத்தின் பாற்பட்டதன்று. ஆசுபத்திரிக்கும், கச்சேரிக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், உறவினர் வீட்டு நன்மை தீமைகளுக்கும் மூதூருக்கோ திருகோணமலைக்கோ போய்வர வேண்டியிருக்கிறது. ஒருகாலத்தில் இவ்வழியில் பயணம் என்றாலே நீர்த்துறைகளில் வாகனத்தைப் பாதையில் ஏற்றி, எதிர்க்கரையில் இறக்கிச் செல்லும் பயணமாகவே இருந்தது. கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின்னரே திருகோணமலை நகரம் இப்பகுதியாருக்குத் தரைவழியாகக் கிட்டிவந்தது.

அதற்கு முன் நிகழ்ந்தவையும் மறக்கற்பாலன அல்ல. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2006 ஆம் ஆண்டுப் போரில் ஈச்சிலம்பற்று மக்கள் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்து, அடுத்த ஆண்டிலேதான் திரும்பலாயினர். வெறுங்கையோடு திரும்பிய குடும்பம் ஒன்று, பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் யப்பானிலிருந்து வந்த பாவித்த கார் ஒன்றை வாங்குமாயின், அவ்வண்டி அவர்களுக்கு வெறும் இரும்புப் பொருளாக இராது. மேலும், 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் இடங்கொடுக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டியைப் பேணிக் காப்பதன்றி வேறு வழி எவருக்கும் இருக்கவில்லை. இயந்திரத்தைப் பேணினார்கள், சில்லுகளை மாற்றினார்கள். ஆனால், ஒரு நாள் வண்டியிலுள்ள வானொலி கரகரக்கத் தொடங்கிற்று. செய்தி வாசிப்பவர் வாயிலே துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஒலிக்கலாயிற்று.

பாட்டுக் கேட்பதற்குத்தானே வானொலி, கரகரத்தால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையிலே நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் மரண அறிவித்தலைக் கேட்டுப் பழகிய எவரும் அவ்வாறு கூறார். அவ்வறிவித்தலில் உயிர்நாடியானவை ஆளின் பெயரும் ஊரின் பெயருமே. ஈச்சிலம்பற்றுப் பிரிவிலே பூநகர் என்று ஓர் ஊர் உண்டு. கிளிநொச்சி மாவட்டத்திலே பூநகரி என்று வேறோர் ஊர் உண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது ஈற்றிலே நிற்கும் ஓர் இகரம் மாத்திரமே. இகரத்தை இகரமாகக் காட்டும் ஒலிக்கூறு செக்கனுக்கு 2000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட பகுதியில் உள்ளது. பழுதுற்ற ஒலிபெருக்கி முதலில் விழுங்குவது அப்பகுதியைத்தான். சகரத்தின் சீறொலியோ இன்னும் மேலே, 4000 அதிர்வுகளுக்கும் அப்பால் நிற்பது. அதை விழுங்கிவிட்டால் சேனையூர் ஏனையூராகிவிடும்! அடுத்த ஊரில் அடக்கம் நிகழ, அயல் மாவட்டத்து அறிவித்தல் என்று எண்ணி ஒருவர் தம் வழியே வண்டியைச் செலுத்திச் சென்றுவிடவும் கூடும்.

இதனினும் பெரிதாய காரியமும் உண்டு. 2012 ஆம் ஆண்டு ஏப்பிரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, கடலைவிட்டு விலகுமாறு இலங்கையின் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அன்று பேரலை எழவில்லை. 2020 ஆம் ஆண்டு டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. இத்தகைய வேளைகளில் தெருவிலே சென்றுகொண்டிருக்கும் குடும்பத்துக்கு வண்டியின் வானொலி சொல்லும் இடப்பெயரும் நேரமும் ஐயமறக் கேட்க வேண்டும். ஆதலின், காருக்கு மாற்று ஒலிபெருக்கி தேடுவோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு உரத்து ஒலிக்கும்?’ என்பதன்று, ‘மனிதர் பேச்சை எவ்வளவு தெளிவாகச் சொல்லும்?’ என்பதே.

கடைக்குப் போவதற்கு முன், குற்றம் ஒலிபெருக்கியினுடையதுதானா என்று விசாரித்தல் வேண்டும். பல வீடுகளில் குற்றமற்ற ஒலிபெருக்கி கழற்றி எறியப்பட, குற்றவாளி உள்ளேயே இருந்துவிடுகிறான். யப்பானில் பண்பலை ஒலிபரப்பு நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையிலேயே நிகழ்ந்தது. பின்னர் 95 வரை விரிக்கப்பட்டது. இலங்கையிலோ 88 க்கும் 108 க்கும் இடையிலே ஒலிபரப்புகிறார்கள். ஆகவே யப்பானுக்கென்று செய்யப்பட்ட வண்டியின் வானொலிக்கு இந்நாட்டு நிலையங்களிற் பெரும்பாலானவை எட்டா. அலைவரிசையை இறக்கிக் கொடுக்கும் சிறு பெட்டி ஒன்றை வான்கம்பி வழியில் இணைத்தே அது கேட்கச் செய்யப்படுகிறது. அப்பெட்டி மலிவானதாயின் இரைச்சலையும் சேர்த்தே இறக்கிக் கொடுக்கும். வான்கம்பியின் அடியிலே உப்புக் காற்றால் கறள் ஏறினாலும் இரைச்சல் உண்டாகும். இவற்றுக்கு ஒலிபெருக்கியை மாற்றுதல், காதுவலிக்குக் கண்ணாடி வாங்குதல் போன்றதாகும்.

சோதிக்கும் வழி எளிது. வானொலியை நிறுத்தி, அதே கருவியில் இறுவட்டையோ கைத்தொலைபேசியிலுள்ள பாட்டையோ ஒலிக்கச் செய்து பார்க்கலாம். அதுவும் கரகரத்தால் குற்றம் வானொலி அலையில் இல்லை. பின்னர், ஒலியை இடத்துக்கும் வலத்துக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளும் அமைப்பினால் நான்கு ஒலிபெருக்கிகளையும் தனித்தனியே கேட்டால் எது பழுது என்பது வெளிப்படும். கதவைத் திறந்து மூடும்போது ஒலி விட்டுவிட்டு வருமாயின், கதவின் பிணைச்சலுக்குள்ளே பல்லாயிரந் தரம் மடங்கி நிமிர்ந்த மின்கம்பி அறுந்திருக்கலாம். அதைப் பொருத்தினால் போதும். புதிது வாங்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கியைக் கழற்றி, கராச்சிலுள்ள மல்டிமீற்றரால் அதன் இரு முனைகளையும் அளந்தும் பார்க்கலாம். 4 ஓம் என்று குறிக்கப்பட்டது 3 க்கும் 4 க்கும் இடைப்பட்ட அளவைக் காட்டுமாயின் அதன் சுருள் உயிரோடிருக்கிறது. ஒன்றுமே காட்டாதாயின் சுருள் எரிந்தது அல்லது அறுந்தது என்பது தெளிவு.

சுருள் என்பது யாது? ஒலிபெருக்கியின் அமைப்பு மிகப் பழையது, மிக எளியது. அமெரிக்காவில் செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்ட வடிவமே சிற்சில மாற்றங்களுடன் இன்றும் கார்க் கதவுகளில் இருக்கிறது. கொழும்பிலே முறையான வானொலி ஒலிபரப்பு ஆரம்பமானதும் அதே 1925 ஆம் ஆண்டின் டிசெம்பர் மாதத்தில்தான் என்பது நினைவுகூரத்தக்கது. வட்டமான காந்தம் ஒன்றின் நடுவே நகக்கண் அளவிலும் குறைந்த இடைவெளி உண்டு. அவ்விடைவெளிக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று எதையும் தொடாது தொங்கும். சுருளுடன் ஒட்டியது ஒரு கூம்பு. மின்னோட்டம் மாறி மாறிப் பாயச் சுருள் முன்னும் பின்னும் அசையும், கூம்பும் அசையும், காற்று அசையும், நாம் அதனை ஒலி என்போம். கூம்பு தன் சட்டத்திலிருந்து விலகாமலும், அசைவுக்குத் தடையின்றியும் இருக்கும்பொருட்டு அதன் ஓரத்தைச் சுற்றி இளகிய விளிம்பு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அவ்வளவே.

இவ்வெளிய பொருளுக்குக் கிழக்குக் கரையின் காற்றுப் பெரும் பகை. மாரியிலே வாடைக் காற்றும் மழையும் ஈரத்தைக் கொண்டுவருகின்றன. கோடையிலே கச்சான் காற்று வறட்சியையும் புழுதியையும் வீசுகிறது. ஆண்டு முழுவதும் உப்பு உண்டு. வெயிலிலே நிறுத்தி யன்னல் மூடிய காரின் உட்புறம் அடுப்பங்கரையினும் சூடானது. விளிம்பு பஞ்சு போன்ற நுரைப் பொருளால் ஆனதாயின், வெப்பமும் ஈரமும் சேர்ந்து சில ஆண்டுகளில் அதனை உதிர்த்துவிடும். விரலால் தொட்டாலே மாவாய் உதிரும். கூம்பு பூச்சற்ற காகிதமாயின் ஈரத்தை உறிஞ்சித் தளரும். சட்டமும் காந்தத்தின் இரும்புத் தட்டுகளும் கறள் பிடிக்க, கறட்துகள் அந்நுண்ணிய இடைவெளிக்குள் விழுந்து சுருளை உராயும். செய்தி வாசிப்பவரின் தொண்டையிலே உள்ளதாகத் தோன்றிய கரகரப்பு பெரும்பாலும் இதுவே.

ஆகவே ஈச்சிலம்பற்று போன்ற கடலோர ஊரார் கூம்பு பொலிபுரொப்பலீன் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆகியதும், விளிம்பு இறப்பரால் ஆகியதுமான ஒலிபெருக்கியையே நாட வேண்டும். காகிதக் கூம்பு தரத்திற் குறைந்தது என்று கருத வேண்டியதில்லை. உலகின் சிறந்த ஒலிபெருக்கிகளிற் பல காகிதத்தால் ஆனவையே. எனினும் அவை சுவரோடு சாய்ந்து உலர்ந்த அறையில் வாழ்பவை. மழைநீர் வழியும் கதவுக்குள் வாழ வேண்டியதற்குக் காகிதம் பொருந்துவதாயின், அதன்மேல் நீர் ஒட்டாப் பூச்சு இருத்தல் வேண்டும். வாங்குமுன் ஒலிபெருக்கியைத் திருப்பிப் பின்புறத்தையும் நோக்குக. சட்டத்தின் வர்ணப் பூச்சு மூலை முடுக்கெல்லாம் படிந்திருக்கிறதா, காந்தத் தட்டின் ஓரம் வெறும் இரும்பாகத் தெரிகிறதா என்பது ஒரு நொடியிற் புலனாகும். பெட்டியின் முகப்பைப் பார்ப்போர் பலர். பொருளின் முதுகைப் பார்ப்போர் சிலர்.

பெட்டியின் முகப்பிலே பெரிய எழுத்தில் இருப்பது வாற்று என்னும் மின்வலுக் கணக்கு. 200, 300, 500 என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். வாங்குவோரின் மனத்தை முதலில் மயக்குவது இவ்விலக்கமே. ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும். ஒலிபெருக்கியின்மேல் எழுதப்பட்ட வாற்று, அது தரும் ஒலியின் அளவன்று. அது தாங்கும் எல்லை மாத்திரமே. நூறு மூட்டை சுமக்கத்தக்க லொறி என்று சொல்வதனால் அதன்மேல் நூறு மூட்டை ஏறிவிட்டதாகாது. ஏற்றிவிடும் கை எத்தகையது என்பதே கேள்வி. அக்கை காரின் முன்தட்டிலுள்ள வானொலிக் கருவியாகும்.

அக்கருவியின் முகத்திலும் ‘50 வாற்று, நான்கு வழி’ என்று பொறித்திருப்பார்கள். கணக்கிட்டுப் பார்க்கலாம். இயந்திரம் ஓடும்போது காரின் மின்சாரம் ஏறத்தாழ 14.4 வோல்ற்று. கருவிக்குள் வேறு உயர்த்தி இல்லாதவிடத்து, ஒலிபெருக்கிக்கு அது கொடுக்கக்கூடிய உச்சமும் அவ்வளவே. 14.4 ஐ 14.4 ஆல் பெருக்கி, ஒலிபெருக்கியின் தடையாகிய 4 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52 வரும். பொறிக்கப்பட்ட ஐம்பது பிறந்தது இங்கேதான். ஆனால், இக்கணக்கு உண்மையாக வேண்டுமாயின் ஒலி அலை உச்சத்துக்கும் அடிக்கும் சடுதியாய்த் தாவும் சதுர அலையாக இருக்க வேண்டும். அது பாட்டும் அன்று, பேச்சும் அன்று, வெறும் இரைச்சல். சிதைவின்றி வளைந்து செல்லும் அலைக்கு அதில் அரைப்பங்கே, அதாவது 26 வாற்றே உச்சவெல்லை. கருவிக்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால் பதினைந்து முதல் இருபது வாற்று எஞ்சும். இந்த இருபது வாற்றை வாங்கிக்கொள்வதற்கு ஐந்நூறு வாற்றுத் தாங்கும் ஒலிபெருக்கி எதற்கு? கனத்த சுமையைத் தாங்கச் செய்யப்பட்டவற்றிற் பல, சிறிய வலுவுக்கு எளிதில் அசையாத தடித்த கூம்பும் இறுகிய விளிம்பும் உடையன. அவற்றை வாங்குவோர், பழையதினும் மெல்லிய ஒலியைப் பணங்கொடுத்து வாங்கியவராவர்.

நோக்க வேண்டிய இலக்கம் வேறொன்று உண்டு. பெட்டியின் பக்கத்திலோ உள்ளேயுள்ள தாளிலோ சிறிய எழுத்தில் இருக்கும் அதற்கு உணர்திறன் என்று பெயர். ஒரு வாற்று மின்வலுவைக் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை தெசிபெல் ஒலி கிடைக்கும் என்பதே அது. 87 என்றோ 90 என்றோ 93 என்றோ இருக்கும். இவ்விலக்கங்களின் வேற்றுமை சிறிதென எண்ணுதல் தவறு. மூன்று தெசிபெல் கூடினால், அதே ஒலிக்கு அரைப்பங்கு மின்வலுப் போதும். ஆறு கூடினால் காற்பங்கு போதும். எனவே 93 என்று குறித்த ஒலிபெருக்கிக்கு இருபது வாற்றுக் கொடுத்தால் கிடைக்கும் ஒலியை, 87 என்று குறித்ததிலே பெறுவதற்கு எண்பது வாற்று வேண்டும். குடும்பக் காரில் உள்ள கருவியை மாற்றாது ஒலிபெருக்கியை மட்டும் மாற்றுவோருக்கு 90 க்குக் குறையாத உணர்திறனே ஏற்றது. இவ்விடத்திலும் ஒரு சூழ்ச்சி உண்டு. சிலர் ஒரு வாற்றுக்குப் பதிலாக 2.83 வோல்ற்று என்று குறித்து அளப்பர். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு அது சரியாக ஒரு வாற்று. 4 ஓம் உடையதற்கோ அது இரண்டு வாற்று. எனவே அவ்வாறு குறித்த கார் ஒலிபெருக்கியின் இலக்கத்தில் மூன்றைக் கழித்தே ஒப்பிடல் முறை.

ஓம் என்றது ஜெர்மானிய அறிஞர் ஜோர்ஜ் ஓம் பெயரால் வழங்கும் தடையளவை. கிழக்கிலங்கையார் எதற்கும் தலையசைத்துச் சொல்லும் ‘ஓம்’ அன்று. கடைக்காரர் கேட்பதற்கெல்லாம் ‘ஓம்’ சொல்லிவிடாமல், எத்தனை ஓம் என்று கேட்டுக்கொள்ளல் நன்று. பழையது 4 என்றால் புதியதும் 4 ஆகவே இருக்கட்டும். 2 ஓம் உடையதைப் பூட்டினால் கருவி இருமடங்கு மின்னோட்டத்தைத் தள்ள முயன்று சூடேறிப் பழுதாகலாம். 8 ஓம் தீங்கு செய்யாது. ஆயின் கிடைக்கும் வலு பாதியாகும்.

அளவைப் பொறுத்தமட்டில் கதவின் துளையே ஆசான். ஆறரை அங்குல வட்டமும், ஆறுக்கு ஒன்பது அங்குல நீள்வட்டமும் யப்பானிய வண்டிகளில் மிகுதியாகக் காணப்படுவன. அகலத்தோடு ஆழத்தையும் அளத்தல் வேண்டும். யன்னற் கண்ணாடியை முற்றாக இறக்கிவிட்டு, கதவின் உட்டகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே எவ்வளவு இடமுண்டு என்று அளந்து குறித்துக்கொண்டு போவோர் இரண்டாம் முறை திருகோணமலைக்குப் பயணஞ் செய்ய வேண்டியிராது. பெரிய காந்தம் கண்ணாடியில் முட்டி நின்ற கதை ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.

இனி, கடையில் ஓரச்சு என்றும் பிரிவகை என்றும் இருவிதம் காட்டுவார்கள். பெரிய கூம்பின் நடுவிலேயே, மேல் ஒலிக்கென்று ருவீற்றர் எனப்படும் சிறு கூம்பையும் பொருத்தியது முதலாவது. ருவீற்றரைத் தனியே கொடுத்து, கண்ணாடியோரத்திலோ முன்தட்டிலோ உயரத்திற் பொருத்தச் செய்வது இரண்டாவது. தாழ்ந்த ஒலி தடைகளை வளைந்து சுற்றிச் செல்லும். மேல் ஒலியோ ரோச் லைற்றின் வெளிச்சம்போல் நேரே செல்வது. கதவின் அடியிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்டுச் சாரத்திலும் சேலையிலும் இருக்கையிலும் பட்டு மாய்ந்துவிடும். பூநகரியின் இகரம் மாய்வதும் இவ்வாறே. ஆதலின் ருவீற்றர் காதுக்கு எதிரே உயரத்தில் இருத்தல் பேச்சின் தெளிவுக்குப் பெரிதும் துணை. வண்டியில் அதற்கென இடம் ஏற்கெனவே அமைந்திருப்பின் பிரிவகையே சிறந்தது. அமைந்திராவிடின், புதிதாகத் துளையிட்டு வண்டியைப் புண்படுத்துவதினும் நல்லதோர் ஓரச்சு வகையே போதுமானது. மூவழி, நால்வழி, ஐவழி என்று சிறுசிறு குமிழ்களை அடுக்கிக் காட்டுவனவற்றிற் பெரும்பாலும் அழகே மிகுதி. நல்ல இருவழி ஒலிபெருக்கியை அவை வெல்வது அரிது.

இவையெல்லாம் தாளில் எழுதிய இலட்சணங்கள். முடிவாகத் தீர்ப்பளிக்க வேண்டியது செவியே. ஒலிபரப்புத் தொழிலிலே இதற்கு ஒரு மரபு உண்டு. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறியியலாளர்கள் ஒலிபெருக்கியொன்றைச் சோதிக்கும்போது, தமக்கு நன்கு பழகிய ஒருவரைப் பேசவைத்து, அவருடைய நேர்க்குரலையும் ஒலிபெருக்கியிற் கேட்கும் குரலையும் மாறி மாறி ஒப்பிடுவர். மனிதக் குரலினும் நுண்ணிய உரைகல் இல்லை என்பதே அதன் காரணம்; பிறந்த நாள் முதலாக எல்லோரும் கேட்டுத் தேர்ந்த ஓசை அஃதொன்றே. வெளிக்கள ஒலிபரப்புக்குச் செல்லும் வான்களின் நெருக்கமான இடத்திற்கென்றே 1970 களின் நடுப்பகுதியில் அவர்கள் ஒரு சிறு ஒலிபெருக்கியை வகுத்தனர். எல்எஸ் 3/5ஏ என்னும் அதன் பெயர் ஒலிக்கலை அறிந்தோரிடையே இன்றும் மதிப்போடு வழங்குகிறது. அதன் கூம்பு ஓர் அங்கையகலமே. இடியோசை அதனிடம் இல்லை. ஆனால் குரல் பிசகாது. பொலிபுரொப்பலீன் கூம்பும் அதே ஆய்வுப் பிரிவில் அப்பத்தாண்டிலே உருவானதுதான். வண்டிக்குள் வைக்கும் ஒலிபெருக்கியை அத்துறையின் வல்லுநர் எவ்வாறு தேர்ந்தனரோ, அவ்வாறே ஈச்சிலம்பற்றுக் குடும்பமும் தேரலாம்.

நகரத்துக் கடைகளிலே ஒரு பலகையில் இருபது ஒலிபெருக்கிகளை நிரையாகப் பூட்டி, பெரிய மிகைப்பியால் முழங்கச் செய்து காட்டுவர். அங்கே எதுவும் நன்றாகவே ஒலிக்கும். உரத்து ஒலிப்பதைச் செவி சிறந்தது என்று மயங்கும் இயல்புடையது. ஆதலின் இரண்டை ஒப்பிடும்போது இரண்டும் சம உரப்பில் ஒலிக்குமாறு செய்யச் சொல்ல வேண்டும். தாழ்ஒலியையும் மேல்ஒலியையும் மிகைப்படுத்தும் திருகுகளை நடுவில் நிறுத்தச் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு வானொலிச் செய்தியை வைக்கச் சொல்ல வேண்டும். ஆண் ஒருவர் வாசிப்பதையும் பெண் ஒருவர் வாசிப்பதையும் கேட்க வேண்டும். ஆணின் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கினாலும், பெண்ணின் குரலில் சகரம் விசிலடித்தாலும் அதனை விலக்கிவிடலாம். பின்னர் ஒலியை மிகத் தணித்துக் கேட்க வேண்டும். தணிந்த நிலையிலும் சொல் விளங்குவதே நல்ல ஒலிபெருக்கி. வீட்டிலுள்ள அப்பாச்சியையோ அம்மம்மாவையோ உடன் அழைத்துச் செல்லல் மிக நன்று. முதியோரின் செவி இழப்பது மேல் ஒலியையே. அவருக்கு விளங்கினால் எல்லோருக்கும் விளங்கும்.

வாங்கியபின் பாதி வேலை கதவிலே இருக்கிறது. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்னே எழும் அலையும் பின்னே எழும் அலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அவை கலந்தால் தாழ்ந்த ஒலி அழிந்துவிடும். கதவே அவற்றைப் பிரிக்கும் பெட்டி. ஆகவே ஒலிபெருக்கியின் ஓரத்துக்கும் தகட்டுக்கும் இடையே நுரை வளையம் இட்டு இடைவெளியை அடைக்க வேண்டும். உட்டகட்டில் உள்ள பெருந்துளைகளை மூடிய பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் பூட்டுவோர் உளர். அத்தாள் மழைநீர் உள்ளே வராது காப்பதுமாகும். அதை மீண்டும் முறையாக ஒட்டச் செய்ய வேண்டும். தகடு அதிராதிருக்க ஒட்டும் பட்டையிலே தார் வகை வெயிலில் இளகி வழியும். பியூற்றைல் இறப்பர் வகையே இக்கரைக்கு ஏற்றது. கதவின் அடியிலுள்ள சிறு துளைகளை மட்டும் எவ்வாற்றானும் அடைத்தலாகாது. யன்னல் வழியே இறங்கும் நீர் வெளியேறும் வாசல் அவை. அடைத்தால் மாரி முடிவதற்குள் கதவு கிணறாகும். கதவும் கறளாகும், புதிய ஒலிபெருக்கியும் கறளாகும்.

வண்டியின் பழைய கம்பிமுனையை வெட்டாமல், அதற்கிணங்கிய இணைப்பியை வாங்கிப் பொருத்துவது சில நூறு ரூபாய்க் காரியம். நேர் முனையும் மறை முனையும் இரு கதவுகளிலும் ஒரேவிதமாக இணைய வேண்டும். ஒன்றில் மாறிவிட்டால், ஓர் ஒலிபெருக்கி தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழ்ந்த ஒலி மெலியும். செய்தி வாசிப்பவரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. எந்த முனை நேர் என்று ஐயுற்றால், ஒன்றரை வோல்ற்று ரோச் பற்றரி ஒன்றின் இரு முனைகளையும் ஒலிபெருக்கியின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுக்கலாம். கூம்பு வெளியே எழும்பினால் பற்றரியின் நேர் முனை பட்டதே ஒலிபெருக்கியின் நேர் முனை; உள்ளே பதிந்தால் மறுதலை.

நான்கையும் ஒருசேர மாற்றப் பணம் இடங்கொடாதபோது, முன்கதவு இரண்டுக்கும் நல்லவற்றை வாங்கி, பின்னவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான்குக்கும் மலிவானவற்றை வாங்குவதிலும் இதுவே இலாபம். ஆயின், முதியவர் எப்போதும் பின்னிருக்கையில் இருக்கும் குடும்பத்தில் இவ்விதியைத் தளர்த்த வேண்டும். அவர் பக்கத்துக் கதவு ஊமையாக இருக்க, முன்னே அமர்ந்தவர் ஒலியை உயர்த்திக்கொண்டே போனால், சிறு கருவி தன் எல்லையை முட்டும். எல்லை முட்டிய கருவி அலையின் தலையைத் துண்டித்து அனுப்பும். அத்துண்டித்த அலை ருவீற்றரின் மெல்லிய சுருளைச் சூடாக்கி எரிக்கும். ஒலிபெருக்கி எரிவது கருவியின் வலு கூடியதனால் மட்டுமன்று, குறைந்ததனாலும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

பிள்ளைகளின் செவியையும் நினைத்தல் வேண்டும். 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் கேட்கலாம் என்றும், அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு மூன்று தெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் செவிநலத் துறையினர் கணக்கிட்டுள்ளனர். 94 தெசிபெலில் ஒரு மணிநேரமே எல்லை. இருக்கையில் அமர்ந்தவருடன் குரலை உயர்த்தாது பேச முடிகிறதா என்பதே வண்டிக்குள் செய்யத்தக்க அளவை.

பூட்டியானதும் கராச்சின் வாசலிலேயே திருப்தியடைந்து பணத்தைக் கொடுத்துவிடலாகாது. நிற்கும் வண்டியில் எல்லாம் இனிக்கும். மரண அறிவித்தல் ஒலிக்கும் வேளை பார்த்து வண்டியை வெருகல் வரை ஓட்டிச் செல்ல வேண்டும். யன்னலைப் பாதி இறக்கி, கச்சான் காற்றும் சில்லின் இரைச்சலும் உள்ளே வரவிட வேண்டும். பின்னிருக்கையில் இருப்பவரை ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று பிழைத்தால் திரும்பி வந்து, ருவீற்றரின் முகத்தைச் சற்றே இருக்கையின் பக்கம் திருப்பி வைக்கச் செய்து, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.